நாற்காலி கேட்டால் காபி கிடைக்கும்

அமெரிக்கக் கார்ப்பரேட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண்ணுக்குத் தட்டுப்பாடே இல்லாமல் கிடைக்கிற சரக்கு அறிவுரை. சம்பளம் குறையலாம், புரமோஷன் தள்ளிப்போகலாம், மீட்டிங்கில் அவள் சொன்ன யோசனை பத்து நிமிடம் கழித்துப் பக்கத்து நாற்காலிக்காரர் வாயிலிருந்து வந்து கைதட்டு வாங்கலாம். அறிவுரை மட்டும் ஒருநாளும் குறைவதில்லை. நிமிர்ந்து உட்கார். குரலை உயர்த்து. குரலைத் தாழ்த்து. சிரித்த முகமாக இரு, ரொம்பச் சிரிக்காதே. உன் சாதனையை நீயே எடுத்துச் சொல், தம்பட்டம் அடிக்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல மென்டர் ஒருவரைப் பிடி. கம்பெனியில் எந்தக் குறைக்கும் இதுதான் சூரணம். வேலைக்கு எடுப்பதில்லை என்றால் மென்டர், மேலே ஏற்றுவதில்லை என்றால் மென்டர். இருந்தவளும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால், அடடா, இவளுக்கு நல்ல மென்டர் அமையாமல் போய்விட்டதே.

ஷெரில் சாண்ட்பெர்க் 2013இல் 'லீன் இன்' எழுதினார். பெண்கள் தயங்கிச் சுவரோரம் உட்காரக் கூடாது, மேசைக்கு வந்து உட்கார வேண்டும் என்பது அதன் சாரம். புத்தகத்தின் பெயரிலேயே ஓர் அமைப்பும் வந்தது. அந்த அமைப்பும் மெக்கின்ஸி நிறுவனமும் சேர்ந்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகின்றன. பத்து வருடம் மேசைக்கு வந்து உட்கார்ந்து பார்த்த பிறகு 2023 அறிக்கை சொன்ன கணக்கு இது: தொடக்கநிலை வேலையிலிருந்து மேனேஜராக ஏறும் ஒவ்வொரு 100 ஆண்களுக்கும் பெண்கள் 87 பேர், கறுப்பினப் பெண்கள் 54 பேர். 2020 மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கழுத்தில் போலீஸ்காரரின் முழங்கால் அழுந்திச் செத்த பிறகு, கம்பெனிகளெல்லாம் இன்ஸ்டாகிராமில் கறுப்புக் கட்டம் போட்டுத் துக்கம் காத்தன அல்லவா, அந்தச் சூட்டில் ஓரிரு வருடம் இந்த எண் ஏறியது. பிறகு பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. கருமாதி முடிந்தால் பந்தலைப் பிரிக்க வேண்டியதுதானே.

மென்டர் சந்திப்பு எப்படி நடக்கும் என்று பார்ப்போம். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். எந்த அலுவலகத்தை எடுத்தாலும் சற்றேறக்குறைய இப்படித்தான். ஹெச்.ஆர். ஒரு திட்டம் தொடங்குகிறது. ஆறு மாதம், மாதம் ஒரு சந்திப்பு. நம்மவளுக்கு மென்டராக வாய்த்தவர் ஒரு வைஸ் பிரெசிடென்ட். நல்ல மனிதர், சிக்கலே அங்கேதான். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். கீழ்த்தளக் காபிக்கடையில் உட்காருகிறார்கள். காபிக்கு அவரே காசு கொடுக்கிறார், கம்பெனி கார்டில். "ஐந்து வருடத்தில் உங்களை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள்?" என்கிறார். நீங்கள் இருக்கிற இடத்தில் என்பதுதான் நேர்மையான பதில். அதைச் சொல்ல முடியுமா? புதிய பொறுப்புகள், புதிய சவால்கள் என்று எதையோ மென்று விழுங்குகிறாள். பிறகு துணிந்து கேட்டுவிடுகிறாள்: "எனக்குப் பிறகு சேர்ந்த பையனுக்கு நான்தான் வேலை சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவன் டீம் லீட். நான் அவனுக்கு ரிப்போர்ட் பண்ணுகிறேன்."

அவர் முகம் கனிகிறது. நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொள்கிறார். "நீங்கள் இன்னும் கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும்" என்கிறார்.

இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் தளத்தில் ஒரே ஒரு கறுப்பினப் பெண். அந்தத் தளத்தில் இவளைவிடக் கண்ணில் படுவது சுவரில் மாட்டியிருக்கும் சிவப்புத் தீயணைப்பான் ஒன்றுதான். இரண்டுக்கும் வேலை ஒரே மாதிரி: தீப்பிடித்தால் தேடுவார்கள்.

இருந்தாலும் பெரியவர் சொல்லிவிட்டாரே என்று அடுத்த மீட்டிங்கில் வாயைத் திறக்கிறாள். திரையில் ஓடும் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது, எடுத்துச் சொல்கிறாள். தப்புதான், யாரும் மறுக்கவில்லை. அந்த வருட அப்ரைசலில் ஒரு வரி வருகிறது: இவருடைய தொனி சக ஊழியர்கள் சிலருக்குச் சங்கடம் தருகிறது. மறுவருடம் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கிறாள். அந்த அப்ரைசலில் வேறு வரி: ஈடுபாடு குறைந்திருக்கிறது. மென்டரிடம் கேட்கலாம் என்றால், அவருக்கு லண்டனுக்கு மாற்றலாகிவிட்டது. புரமோஷனோடு.

இதற்கிடையில் கம்பெனி அவளைச் சும்மா வைத்திருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆண்டறிக்கையின் அட்டையில் அவள் படம். டைவர்சிட்டி கமிட்டியில் அவள் பெயர். கல்லூரி வளாகத் தேர்வுக்குக் கறுப்பின மாணவர்கள் படிக்கும் ஊர்களுக்கு அவள்தான் போக வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு கறுப்பினப் பெண்ணையும் அவள் மேசைக்கு அனுப்பிவைக்கிறார்கள், அக்கா மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அந்தப் பிள்ளை கழிப்பறையில் அழுதால் போய்த் தேற்றுவதும் அவள் பொறுப்பு. இத்தனையும் ஆறு மணிக்கு மேல், சம்பளமில்லாமல். அப்ரைசல் படிவத்தில் இதையெல்லாம் எழுதக் கட்டம் கிடையாது.

உருப்படியான வழிகாட்டல் எப்படி இருக்கும் என்பதற்கும் அந்த நாட்டிலேயே சாட்சி உண்டு. உர்சுலா பர்ன்ஸ், நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். பனாமாவிலிருந்து வந்த தாய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் இஸ்திரி வேலையும் செய்து வளர்த்தார். 1980இல் ஜெராக்ஸில் கோடைக்காலப் பயிற்சியாளராக நுழைந்தார் பர்ன்ஸ். 1989இல் ஒரு கூட்டம். எல்லா இனத்தாரையும் சேர்க்கிறோம் என்று தகுதி குறைந்தவர்களை எடுக்கிறோமா என்று ஒருவர் எழுந்து கேட்டார். உயரதிகாரி வேலண்ட் ஹிக்ஸ் பதவிசாகப் பதில் சொன்னார். பர்ன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிப்பட்ட கேள்வியை மதித்து எதற்காகப் பதில் சொல்கிறீர்கள் என்று சபையிலேயே கேட்டுவிட்டார். ஹிக்ஸ் பிறகு கூப்பிட்டனுப்பினார். வசவு விழும் என்று எதிர்பார்த்துத்தான் பர்ன்ஸ் போனார். விஷயம் சரி, கேட்ட விதம் சரியில்லை என்றார் ஹிக்ஸ். அதோடு நின்றிருந்தால் அதுவும் இன்னொரு காபிதான். நிற்கவில்லை. அடிக்கடி கூப்பிட்டுப் பேசினார். 1990இல் தன் நிர்வாக உதவியாளர் பதவியைக் கொடுத்தார். அடுத்த வருடம் நிறுவனத் தலைவர் பால் அலேர் தன்னிடம் எடுத்துக்கொண்டார். 2009இல் பர்ன்ஸ் ஜெராக்ஸின் சி.இ.ஓ. ஃபார்ச்சூன் 500 பட்டியலில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்.

தொனியைப் பற்றி அந்த ஹிக்ஸும்தான் பேசினார். கூடவே ஒரு வேலையையும் கொடுத்தார். வித்தியாசம் அவ்வளவுதான். பர்ன்ஸ் அந்த நாற்காலியை விட்டு இறங்கியது 2016இல். அதற்குப் பிறகு அந்த 500இல் கறுப்பினப் பெண் தலைவர்களை எண்ண எந்த வருடமும் ஒரு கை விரல்களே அதிகம்.

மார்கன் ஸ்டான்லியில் பல பத்தாண்டுகள் உயர்பதவிகளில் இருந்த கார்லா ஹாரிஸ் இதை ஊர் ஊராகச் சொல்லி வருகிறார். போனஸ், புரமோஷன் எல்லாம் பூட்டிய அறைக்குள் முடிவாகிறவை. உள்ளே உனக்காகப் பேச ஓர் ஆள் இல்லையென்றால் நீ எவ்வளவு உழைத்தும் பயனில்லை. அவர்கள் அதை ஸ்பான்சர் என்கிறார்கள். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். சிபாரிசு என்றால் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். 'நம்ம பையன்' என்ற இரண்டு சொல்லில் எத்தனை ஆர்டர் அடித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது! அமெரிக்க வெள்ளை ஆணுக்கு அந்தச் சிபாரிசு பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. அப்பாவின் கோல்ஃப் மைதானத்தில், கல்லூரி விடுதியில், சர்ச்சில். அதற்குப் பெயர் தகுதி. கறுப்பினப் பெண்ணுக்கு அதையே ஒரு திட்டமாக எழுதிக் கொடுத்தால் அதற்குப் பெயர் சலுகை.

உள்ளே நுழைந்தவள் கதை இது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவள் கதை இன்னொன்று. 2010இல் அலபாமா மாநிலம் மொபைல் நகரில் ஒரு பெண்ணுக்குத் தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை கிடைத்தது. நிறுவனத்தின் பெயர் கெடாஸ்ட்ரோஃபி மேனேஜ்மென்ட் சொல்யூஷன்ஸ், பேரிடர் மேலாண்மை. வேலை உறுதியான பிறகு ஹெச்.ஆர். அதிகாரியின் கண் அவள் தலையில் விழுந்தது. திரித்துவிட்ட சடைமுடி. இந்த முடி கலைந்துபோகும், உங்கள் முடியைச் சொல்லவில்லை, ஆனாலும் நான் சொல்வது உங்களுக்குப் புரியும் என்கிற ரீதியில் ஒரு விளக்கம். வெட்டிவிட்டு வந்தால் வேலை. அவள் வெட்டவில்லை. வேலை போயிற்று. தொலைபேசி வேலைக்கு முடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பது பாமரக் கேள்வி. புயலையும் வெள்ளத்தையும் சமாளிக்கத் தெரிந்த கம்பெனிக்கு ஒரு பெண்ணின் சடையைச் சமாளிக்கத் தெரியவில்லை.

சம வேலைவாய்ப்பு ஆணையம் அவளுக்காக வழக்குப் போட்டது. 2016இல் பதினொன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தோல் நிறத்தை மாற்ற முடியாது, ஆகவே அது இனம், சடையை வெட்டிவிடலாம், ஆகவே அது இனமில்லை. இந்த நீதிமன்றத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்கள். தன் தலையில் முளைத்த முடியோடு வேலைக்குப் போகலாம் என்று தனியாக ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. கலிஃபோர்னியா 2019இல் முதலில் போட்டது. நாடு முழுமைக்குமான மசோதா 2022இல் கீழவையில் நிறைவேறி, செனட்டில் சிக்கிக்கொண்டது.

நீதிமன்றங்களின் கணிதம் இன்னும் அழகானது. ஜெனரல் மோட்டார்ஸ் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. எழுபதுகளில் மந்தம் வந்தது. கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்ற விதிப்படி ஆள்குறைப்பு. கடைசியில் சேர்ந்தவர்கள் யார்? சேரவே விடப்படாமல் இருந்தவர்கள். செயின்ட் லூயிஸில் ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1976இல் நீதிமன்றம் நிதானமாகக் கணக்குப் பார்த்தது. இந்தக் கம்பெனி பெண்களை எடுத்திருக்கிறதா? எடுத்திருக்கிறது. (வெள்ளைப் பெண்கள், ஆபீஸ் வேலை.) கறுப்பினத்தாரை எடுத்திருக்கிறதா? எடுத்திருக்கிறது. (ஆண்கள், பட்டறை வேலை.) பிறகு பாகுபாடு எங்கே? இனம் என்று வாருங்கள், அல்லது பெண் என்று வாருங்கள், இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு வராதீர்கள். கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்தத் தீர்ப்பைக் கூறுகூறாகப் பிரித்துக் காட்டி எழுதிய கட்டுரைதான் 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்று இன்று உலகமே உச்சரிப்பதற்குத் தொடக்கம்.

அந்த 1976 தீர்ப்புக்கு முந்தின வருடம் நியூயார்க்கில் இதற்கு நேரெதிர் கூத்து. அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் ஃபெடரல் நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி முன்பாக ஒரு வழக்கு; பெரிய வக்கீல் நிறுவனமொன்று பெண்களைப் பாகுபடுத்துகிறது என்று. நிறுவனம் மனுப்போட்டது: நீதிபதி கறுப்பினப் பெண், பாகுபாட்டைச் சொந்தமாக அனுபவித்தவர், ஆகவே விலக வேண்டும். மோட்லி விலகவில்லை. பாலினமும் இனமும் விலகக் காரணமென்றால் இந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியுமே இந்த வழக்கைக் கேட்க முடியாது என்று எழுதினார். வெள்ளை ஆணுக்கும் இனம் உண்டு, பால் உண்டு என்பது அந்த வக்கீல்களுக்கு அன்றுதான் தெரிந்திருக்கும். ஆக, பாதிக்கப்பட்டவளாகக் கூண்டில் நின்றால் கறுப்பினப் பெண் என்று ஒரு பிறவியே கிடையாது. நீதிபதியாக மேலே உட்கார்ந்தால் அவள் கறுப்பினப் பெண்ணைத் தவிர வேறொன்றும் கிடையாது.

மோட்லிக்கு வாய்த்த மென்டர் சாதாரண ஆளில்லை, கறுப்பின உரிமை வக்கீல் தர்குட் மார்ஷல். 1945இலேயே அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டவர். பிற்காலத்தில் மோட்லி உச்ச நீதிமன்றத்தில் 10 வழக்குகளில் வாதாடி 9இல் வென்றார். ஆனால் 1961இல் மார்ஷல் நீதிபதியாகப் போனபோது, அவர் அதுவரை நடத்திவந்த, கறுப்பின மக்களின் உரிமைக்காகவே வாதாடிய சட்ட நிதியத்தின் தலைமை ஜாக் கிரீன்பெர்க் என்ற வெள்ளை வக்கீலுக்குப் போயிற்று. கிரீன்பெர்க் நல்ல வக்கீல்தான், குறை சொல்வதற்கில்லை. குருவே மார்ஷலாக இருந்தும் கதை இப்படி என்றால், கம்பெனி கார்டில் காபி வாங்கிக் கொடுப்பவரிடம் எதை எதிர்பார்ப்பது?

இவர்கள் தயவு வேண்டாம் என்று கறுப்பினப் பெண்கள் தங்களுக்குள்ளேயே கூடியதும் பழைய கதைதான். 1896இல் தேசிய சங்கம். முதல் தலைவர் மேரி சர்ச் டெரல். 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1913இல் டெல்டா சிக்மா தீட்டா என்று மாணவிகளின் சகோதரிச் சங்கங்கள். டெல்டாவைத் தொடங்கிய 22 மாணவிகள் முதலில் செய்த பொதுக்காரியம் அந்த மார்ச் மாதம் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தது. பெண்ணுரிமை கேட்டு நடந்த அதே ஊர்வலத்தில், கறுப்பினப் பெண்கள் கடைசி வரிசையில் வரட்டும் என்றார்கள் வெள்ளைச் சகோதரிகள். ஐடா பி. வெல்ஸ் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் போய் நின்றுகொண்டு, தன் இல்லினாய் அணி வந்ததும் நடுவில் இறங்கி நடந்தார்.

டெல்டாவின் முதல் தேசியத் தலைவர் சேடி அலெக்ஸாண்டர். 1921இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அமெரிக்கக் கறுப்பினத்தாரில் அந்தத் துறையில் முதல் டாக்டர். பொருளாதார நிபுணராக வேலை கொடுக்க ஆளில்லை. வட கரோலினாவில் கறுப்பினத்தார் நடத்திய இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, திரும்பிப் போய்ச் சட்டம் படித்து வக்கீலானார். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஆளுநர் குழுவில் ஒரு கறுப்பினப் பெண் பொருளாதார அறிஞர் உட்கார 2022 வரை ஆயிற்று: லிசா குக். செனட்டில் ஓட்டு 50க்கு 50; முடிச்சை அவிழ்த்த ஓட்டு துணை அதிபர் கமலா ஹாரிஸுடையது. 2025 ஆகஸ்டில் குக்கை நீக்கிவிட்டதாக டிரம்ப் சமூக ஊடகத்தில் கடிதம் போட்டார். குக் கோர்ட்டுக்குப் போனார்.

கமலா பெயர் வந்தாயிற்று. இனி நம்மை விட்டுவிட்டுப் பேச முடியாது. கமலாவின் தாய்வழி ஊரான துளசேந்திரபுரத்தில் 2020இலும் 2024இலும் பேனர் என்ன, அபிஷேகம் என்ன! மன்னார்குடிப் பக்கத்துப் பேத்தி. ஷியாமளா கோபாலன் மகள். எல்லாம் உண்மைதான். அந்த ஷியாமளா ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனபோது அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சோறு போட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் கூட்டிப்போனவர் ரெஜினா ஷெல்டன் என்ற கறுப்பினப் பெண். துணை அதிபராகப் பதவியேற்றபோது கமலா கை வைத்த இரண்டு பைபிள்களில் ஒன்று அந்த அம்மாளுடையது, மற்றது தர்குட் மார்ஷலுடையது. படித்தது ஹோவர்டில், சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில். 2024 ஜூலை 21 அன்று அதிபர் போட்டியிலிருந்து பைடன் விலகிய சில மணி நேரத்தில் கறுப்பினப் பெண்கள் ஜூம் அழைப்பில் கூடினார்கள், 44,000 பேர். சில மணி நேரத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். யாரும் யாருக்கும் காபி வாங்கிக் கொடுக்கவில்லை.

பத்தே நாளில் சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர் மாநாட்டு மேடையில் டிரம்ப், இந்த அம்மாள் இந்தியராகத்தானே இருந்தார், திடீரென்று கறுப்பினத்தார் ஆகிவிட்டாரே என்று பேசினார். உலகம் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அவர் மேடையில் செய்ததைத்தான் நாம் பேனரில் செய்துகொண்டிருந்தோம். தமிழ்ப் பாதியை வெட்டியெடுத்து மாலை போட்டோம். மற்றப் பாதியைப் பற்றி மூச்சு விடவில்லை. அவருக்கு அந்தப் பாதி பிடிக்கவில்லை. நமக்கு மட்டும் பிடித்திருந்ததா?

1965க்கு முன் இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் ஒதுக்கீடு. அந்தக் கதவைத் திறந்த சட்டம், தெருவில் தடியடி பட்டு, நாய்க்கடி பட்டு, கறுப்பினத்தார் 1964லும் 1965லும் வாங்கிய உரிமைச் சட்டங்களின் காற்றில் வந்தது. அந்தக் கதவு வழியாகப் போனவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இன்று மேனேஜர்கள், டைரக்டர்கள். வீடு வாங்கும்போது வாட்ஸ்அப் குழுவில் அறிவுரை பறக்கும்: "அந்த ஏரியா வேண்டாம்ப்பா, ஸ்கூல் ரேட்டிங் சரியில்ல." எந்த ஏரியா என்று எல்லாருக்கும் புரியும். டீமில் காலியிடம் வந்தால் முதல் போன் கோயம்புத்தூருக்குப் போகும், நம்ம காலேஜ் ஜூனியர் ஒருத்தன் இருக்கான் என்று. எதிர் மேசையில் இருப்பவளுக்கு அதே மேனேஜர் சொல்வார்: நல்ல மென்டரைப் பிடியுங்கள்.

கூடிப் பேசினால் யாருக்கும் கோபமில்லை. கூடிப் பணம் போட்டால்தான் சட்டம் விழித்துக்கொள்கிறது. அட்லாண்டாவில் 2019இல் தொடங்கப்பட்டது ஃபியர்லெஸ் ஃபண்ட். கறுப்பினப் பெண்களே நடத்திய முதலீட்டு நிதியம். வென்ச்சர் கேப்பிட்டல் பணத்தில் 100 டாலருக்கு ஒரு டாலர்கூடக் கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்குப் போவதில்லை என்பதால் அதைத் தொடங்கினார்கள். சிறுதொழில் நடத்தும் கறுப்பினப் பெண்களுக்கு 20,000 டாலர் மானியம் என்று ஒரு போட்டி வைத்தார்கள். மிச்சமுள்ள 99 டாலரின் வாசனையை மட்டும் பிடித்து வளர்ந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. எட்வர்ட் ப்ளம் என்பவர், ஹார்வர்டில் இனம் பார்த்து இடம் கொடுப்பதை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் ஒழித்த கையோடு, ஆகஸ்டில் இந்த நிதியத்தின் மேல் வழக்குப் போட்டார். பாதிக்கப்பட்டவர்கள் என்று மூன்று பெண் தொழிலதிபர்கள். பெயர் கிடையாது, உரிமையாளர் ஏ, உரிமையாளர் பி, உரிமையாளர் சி.

எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு? 1866ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம். அடிமைச் சங்கிலி அறுந்து சில மாதமே ஆன மக்கள், வெள்ளையர் போலவே ஒப்பந்தம் போடலாம், சொத்து வாங்கலாம் என்பதற்காக வந்தது. அதற்குக் கையெழுத்துப் போட மறுத்தார் அன்றைய அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று: இது கறுப்பினத்தாருக்குச் சாதகம், வெள்ளையருக்குப் பாதகம். காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றியது. 158 வருடம் கழித்து, 2024 ஜூனில், நம் பழைய நண்பர்கள், பதினொன்றாம் வட்டார நீதிமன்றம், அதே சட்டத்தைக் கையில் எடுத்து இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மானியத்தை நிறுத்தினார்கள். அடிமையின் பேத்தி இன்னொரு அடிமையின் பேத்திக்கு 20,000 டாலர் கொடுப்பது, விடுதலையான அடிமைகளுக்கு உரிமை கொடுத்த சட்டத்துக்கே விரோதமாம்! சட்டத்தை மறுத்த ஜான்சனின் வாதம் அந்தச் சட்டத்தின் வாய் வழியாகவே ஜெயித்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ராபின் ரோசன்பாம், ஏ, பி, சி மூவரின் காயத்தைக் கால்பந்து மைதானத்தில் அடிபடாமலே சுருண்டு விழும் ஆட்டக்காரர்களின் காயத்தோடு ஒப்பிட்டார். நல்ல உவமை. ஆனால் மைதானத்தில் அப்படி விழுந்தால் நடுவர் மஞ்சள் அட்டை காட்டுவார்; இங்கே கோப்பையைக் கொடுத்து அனுப்பினார். செப்டம்பரில் சமரசம், மானியப் போட்டி மூடப்பட்டது.

மென்டர் தேவைப்படாத ஒரே வழி கறுப்பினப் பெண்களுக்கு இருந்தது, அரசு வேலை. சம்பள அட்டவணை அச்சடித்து வெளியே இருக்கும். எந்தப் படியில் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். தொனியைப் பார்த்துச் சம்பளம் கொடுக்க முடியாது. அதனால்தான் ஃபெடரல் ஊழியர்களில் கறுப்பினப் பெண்கள் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்தார்கள். நாட்டின் மொத்தத் தொழிலாளர்களில் அவர்கள் பங்கைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற முதல் இரண்டு நாளில் கையெழுத்திட்ட ஆணைகள் அரசுக்குள் டைவர்சிட்டித் திட்டங்களை மூடின. அரசு ஒப்பந்தக்காரர்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1965இல் லிண்டன் ஜான்சன் போட்ட ஆணையையும் ரத்துச் செய்தன. பின்னாலேயே ஆட்குறைப்பு. கதவை மூடியவர்கள், முதலில் மூட வேண்டிய கதவு எதுவென்று சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் காபியிலும் கை வைத்தார்கள். சடைமுடிக்காரிக்காக வழக்காடிய அதே சம வேலைவாய்ப்பு ஆணையம், 2025 மார்ச்சில் ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டது. மென்டர்ஷிப்பையோ ஸ்பான்சர்ஷிப்பையோ ஊழியர் குழு உறுப்பினர் தகுதியையோ இனம், பால் பார்த்து ஒரு சாராருக்கு மட்டும் என்று வைத்தால் அது சட்ட விரோதமாகலாம். கோல்ஃப் மைதானத்தைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒன்றுமில்லை.

கம்பெனி வக்கீல்கள் பதறிப்போய் வேலையில் இறங்கினார்கள். நம்மவள் ஆறு மணிக்கு மேல் இருந்து வளர்த்த 'கறுப்பினப் பெண்கள் வட்டம்' என்ற குழுவுக்கு ஹெச்.ஆரிடமிருந்து மெயில் வருகிறது. பெயரில் 'கறுப்பின' வேண்டாம், ஆபத்து. 'பெண்கள்' வேண்டாம், அதுவும் ஆபத்து. இனி வெறும் 'வட்டம்', எல்லாரும் வரலாம். முதல் கூட்டத்துக்கு வந்திருக்கிற எல்லாரையும் அவள் எண்ணிப் பார்க்கிறாள். அவளைத் தவிர அவள் மாதிரி யாரும் இல்லை. தலைப்பு: அலுவலகத்தில் நம் குரல் கேட்கப்படுவது எப்படி. சிறப்புரை, லண்டனிலிருந்து காணொலியில், பழைய மென்டர். கேள்வி நேரம் கிடையாது.